யாருக்குத் தெரியாத இடம்? – கொடும்பாளூரை முன்வைத்துச் சில கேள்விகள்

“அதிகம் அறியப்படாத இடங்கள்” என்றொரு பட்டியல் இப்போது பத்திரிகை, தொலைக்காட்சி, கைபேசி என்று எங்கே திரும்பினாலும் கண்ணில் படுகிறது. ஊட்டி, கொடைக்கானல், மாமல்லபுரம் எல்லாம் பார்த்துப் பார்த்து அலுத்துப் போனவர்களுக்காகப் போடுகிற பட்டியல். அங்கே கூட்டம் இருக்காது. கடை கண்ணி இருக்காது. காலாற நடக்கலாம், படம் பிடிக்கலாம், ஊருக்குத் திரும்பி நாலு பேரிடம் பெருமை பேசலாம். ‘யாருக்கும் தெரியாத பொக்கிஷம்’ என்று தலைப்புப் போடுவார்கள். அந்தப் பட்டியலில் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூரும் தவறாமல் இடம்பிடிக்கிறது.

யாருக்கும் தெரியாது என்றால், யாருக்கய்யா தெரியாது? அங்கே ஆடு மேய்க்கிறவளுக்குத் தெரியாதா? புல் செதுக்குகிற கூலிக்காரனுக்குத் தெரியாதா? தனக்குத் தெரியாததெல்லாம் உலகத்துக்கே தெரியாது என்று நினைக்கிற ஒரு கண் இருக்கிறதே, அந்தக் கண்ணைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

போன ஆண்டு நாங்கள் ஏழு பேர் கொடும்பாளூர் போனோம். ஆறு பேர் கல்லூரி மாணவர்கள். நான் மட்டும் படிப்பை முடித்துவிட்டு இயக்க வேலை என்று அலைகிறவன். போகிற வழியில் ஒரு ஊரில், பேர் வேண்டாம், டீக்கடையில் நின்றோம். பெஞ்சில் இருந்தவர்கள் கண்ணாடி கிளாஸில் குடித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் எங்களுக்கும் கிளாஸைத்தான் எடுத்தார். “எந்த ஊரு தம்பி?” என்றார். எங்களில் ஒருவன் சொன்னான். “அங்க எந்தப் பக்கம்?” என்றார். “கிழக்குப் பக்கம்” என்றான் அவன். கிளாஸ் உள்ளே போய்விட்டது. பேப்பர் கப் வந்தது.

அவர் ஒரு சொல் கடுமையாகப் பேசவில்லை. சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார். இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டது என்று மேடையில் பேசுகிறார்கள். வாஸ்தவந்தான், நமக்குக் குவளையே இல்லை, கசக்கி எறிகிற காகிதம்தான். கூட வந்த தம்பி ஒருவன், “அண்ணே, சுற்றுலா ஆரம்பிச்சிருச்சு” என்றான். சிரித்தோம். வேறென்ன செய்ய?

கொடும்பாளூர் திருச்சி – மதுரை நெடுஞ்சாலையில், விராலிமலையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் இருக்குவேளிர் என்ற குறுநில மன்னர்களின் தலைநகரம். சோழர்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். சோழனுக்காகப் பாண்டியனோடும் பல்லவனோடும் சண்டைக்குப் போனவர்கள். அவர்களில் ஒருவன் பூதி விக்கிரமகேசரி. அவன் கட்டியதுதான் மூவர் கோயில். அது ஒன்பதாம் நூற்றாண்டா பத்தாம் நூற்றாண்டா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். மேற்குப் பார்த்த மூன்று கற்றளிகளில் இரண்டு நிற்கின்றன. மூன்றாவது தரையோடு அடித்தளமாகக் கிடக்கிறது. சுற்றியிருந்த சிறு கோயில்களும் அப்படித்தான். மூலையில் வட்டமான கற்கிணறு ஒன்று உண்டு.

அழகாக இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. நான் பொய் சொல்லமாட்டேன். சாயங்கால வெயில் அந்த விமானத்தில் விழும்போது கல் மஞ்சளாக மாறுகிறது. சுவரில் அர்த்தநாரியும், வீணை ஏந்திய சிவனும் உயிரோடு நிற்கிற மாதிரி இருக்கிறது. எங்கள் பையன்கள் வாயடைத்துத்தான் பார்த்தார்கள். கல்லுக்கும் நமக்கும் எந்தப் பகையும் இல்லை. அந்தக் கல்லைக் காட்டுகிறவன் எதை மறைக்கிறான் என்பதுதான் தகராறு.

அன்றைக்கு ஒரு வேனில் பதினைந்து இருபது பேர் வந்திருந்தார்கள். படித்தவர்கள், நல்ல உத்தியோகத்தில் இருக்கிறவர்கள். அவர்களை அழைத்து வந்தவர் நன்றாகப் பேசினார். “இதுதான் வானதியின் ஊர்” என்று தொடங்கினார். எல்லார் முகமும் மலர்ந்தது. கல்கி ‘பொன்னியின் செல்வ’னில் கொடும்பாளூர் இளவரசியாக்கிய அந்த வானதிதான். 1950களில் தொடராக வந்த கதை, 2022 செப்டம்பரில் ஒன்று, 2023 ஏப்ரலில் ஒன்று என்று இரண்டு படமாகவும் வந்து ஓடிவிட்டது. அப்புறம் என்ன, ஆளாளுக்குச் சோழ யாத்திரை. பெரிய வேளார் வாழ்ந்த மண், இளவரசி நடந்த மண் என்று தொட்டுக் கும்பிடுகிறார்கள். அரசனும் இளவரசியும் சேனாதிபதியும் மட்டுமே வாழ்ந்த ஊர் உலகத்தில் எங்காவது உண்டா? நெல்லை யார் நட்டார்கள்? செத்த மாட்டை யார் தூக்கினார்கள்? இளவரசி செத்தபோது யார் பறை அடித்தார்கள்?

பிறகு அவர் கல்வெட்டுக்கு வந்தார். நடுக் கோயில் சுவரில் கிரந்த எழுத்தில், வடமொழியில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. விக்கிரமகேசரியின் முன்னோர்களின் வெற்றிகளை வரிசையாகச் சொல்கிறது. வாதாபியை வென்றவன் கூட அதில் உண்டு. தன் பெயரிலும், தன் மனைவியர் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயரிலும் மூன்று விமானம் எடுத்தான் என்கிறது. கடைசியில் மல்லிகார்ச்சுனர் என்ற காளாமுகத் துறவிக்கு ஒரு பெரிய மடத்தைக் கொடுத்து, ஐம்பது துறவிகள் சாப்பிடுவதற்காகப் பதினோரு கிராமங்களை எழுதி வைத்தான் என்கிறது. “என்ன ஒரு கொடை!” என்றார் வழிகாட்டி. வேன்காரர்கள் தலையாட்டினார்கள்.

தோழர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐம்பது பேர் சாப்பாட்டுக்குப் பதினோரு ஊர். அந்தப் பதினோரு ஊரையும் உழுதவன் யார்? அவன் பெயர் எந்தச் சுவரில் இருக்கிறது? துறவிகளுக்குச் சோறு போட்டவன் விக்கிரமகேசரியா, சேற்றில் இறங்கியவனா? ஊரைத் தூக்கிக் கொடுத்தான் என்றால் மண்ணை மட்டுமா கொடுத்தான்? மண்ணோடு விளைச்சலையும், விளைச்சலுக்குப் பின்னால் இருக்கிற உழைப்பையும் சேர்த்துத்தானே கொடுத்தான்? கொடுத்தவனுக்குப் புண்ணியம், வாங்கியவனுக்குச் சோறு, உழுதவனுக்குச் சுவரில் ஒரு எழுத்துக்கூட இல்லை. இதற்குப் பெயர் கொடையா?

எங்கள் குழுவில் தமிழ்ப் பற்று மிகுந்த ஒரு தம்பி. அவனுக்கு வேறு வருத்தம். “தமிழ் மன்னன் கோயில்ல வடமொழி எதுக்குண்ணே? பார்ப்பான் புகுந்து கெடுத்துட்டான். சோழர் காலத்துல சாதியே இல்ல” என்றான். வயசுப் பையன், கோபிக்கவில்லை. ஆனால் இந்தப் பேச்சை நாம் முப்பது வருசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். சரி, தமிழில் இருக்கிற கல்வெட்டையே எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூர்ப் பெரிய கோயில், ராஜராஜன் ஆட்சி, நல்ல சுத்தமான தமிழ். கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி நீக்கிய நிலங்களைப் பட்டியல் போடுகிறான். அதில் ஊர் நத்தம் வருகிறது, குளம் வருகிறது, பறைச்சேரி வருகிறது, தீண்டாச்சேரி வருகிறது. சுடுகாடு கூட வெள்ளாளருக்குத் தனி, பறையருக்குத் தனி. ஆயிரம் வருசத்துக்கு முன்னால் தமிழில், தமிழ் மன்னன் கல்லில் வெட்டி வைத்த சொல் அது. வடமொழியில் சேரி மறைந்து கிடக்கிறது, தமிழில் சேரி தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. நாம் எதைக் கொண்டாட வேண்டும் தம்பி? பார்ப்பனியம் என்றால் பூணூல் மட்டுமா? நிலத்தைக் கையில் வைத்திருந்தவன் விரும்பி வாங்கிக்கொள்ளாமல் அது ஒரு ஊரிலும் நின்றிருக்காது.

கொடும்பாளூருக்கு இன்னொரு பெருமையும் சொல்வார்கள். அறுபத்துமூன்று நாயன்மாரில் ஒருவரான இடங்கழி நாயனார் இந்த ஊர் அரசன். அவன் நெற்களஞ்சியத்தில் ராத்திரியில் புகுந்து ஒருவன் நெல் திருடுகிறான். காவலர் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். சிவனடியார்களுக்குச் சோறு போடத்தான் திருடினேன் என்கிறான் அவன். அரசன் உருகிப்போய், களஞ்சியத்தையே திறந்துவிட்டு அடியார்கள் அள்ளிக்கொள்ளலாம் என்று பறையறைவிக்கிறான். சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தில் இந்தக் கதை இருக்கிறது. வேன்காரர்களுக்கு இதைச் சொன்னபோது ஒரு அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

எனக்கு வந்தது கீழவெண்மணி நினைப்பு. நெல்லை விளைவித்தவன் ஒரு அரைப்படி கூலி கூடக் கேட்டான். திருடவில்லை, களஞ்சியத்தில் புகவில்லை, சங்கம் வைத்து முறையாகக் கேட்டான். 1968 டிசம்பர் 25 ராத்திரி, கிழவர், பெண்கள், குழந்தைகள் என்று 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். 1973இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. அடியார் பசிக்குத் திருடினால் களஞ்சியம் திறக்கும். சேரிப் பசிக்குக் கேட்டால் குடிசை எரியும். அதே அறுபத்துமூன்று பேர் பட்டியலில் இன்னொருவரும் இருக்கிறார், ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த நந்தன். சிதம்பரத்துக்குள் போக அவர் நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது. களஞ்சியத்தைத் திறந்த அரசன் நாயன்மார், நெருப்பில் போன புலையனும் நாயன்மார். சமத்துவமாம்!

வேன் கிளம்பிப் போன பிறகு வேலிக்கு வெளியே நிழலில் ஒரு அப்பத்தா உட்கார்ந்திருந்தார். ஆடு ஓட்டி வந்தவர். பக்கத்து ஊராம். “எங்கேருந்து வர்றீக புள்ளைகளா?” என்றார். சொன்னோம். எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை. “சாப்பிட்டீகளா?” என்றுதான் கேட்டார். நாங்களும் உட்கார்ந்தோம். ஒருத்தன், “அப்பத்தா, இந்தக் கோயிலப் பத்தி என்ன தெரியும்?” என்று கேட்டான். அவர் சிரித்தார். “எனக்கென்னய்யா தெரியும்? சின்ன வயசுல எங்கம்மாவோட மண்ணு சுமந்து கூலிக்குப் போயிருக்கேன். வர்றவுக எல்லாரும் கல்லத்தான் கேக்குறாக. உங்க ஊரு எது, தண்ணி வருதா, வேலை இருக்கான்னு ஒருத்தரும் கேட்டதில்ல.”

அதற்குமேல் நான் எழுத என்ன இருக்கிறது? யாருக்கும் தெரியாத இடம் அதுதான். வேன் நிற்காத இடம், வழிகாட்டி திரும்பிப் பார்க்காத இடம். ஊருக்கு ஊர் இருக்கிறது. சேரி, காலனி என்று பேர் மட்டும் மாறுகிறது. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுத்துவிடுவோம் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். நல்லது. பேர் போகட்டும். அந்த ‘எந்தப் பக்கம்?’ என்ற கேள்வி எப்போது போகும்?

சுற்றுலாவில் நமக்கு ஒரு முன்னோடி உண்டு. 1934இல் பாபாசாகேப் அம்பேத்கர் தோழர்கள் முப்பது பேரோடு எல்லோரா பௌத்தக் குகைகளைப் பார்க்கக் கிளம்பினார். வழியில் தௌலதாபாத் கோட்டை. புழுதி படிந்த முகத்தையும் காலையும் கோட்டை வாசலில் இருந்த சிறு குளத்துத் தண்ணீரில் கழுவினார்கள். அவ்வளவுதான். தீண்டாதவர்கள் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று சத்தம் போட்டுக்கொண்டு கூட்டம் கூடிவிட்டது. சத்தம் போட்டவர்கள் இந்துக்கள் அல்ல, முஸ்லிம்கள். சாதி எப்படிப் பரவிக் கிடக்கிறது பாருங்கள். கடைசியில், உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, ஆயுதம் ஏந்திய காவலன் ஒருவனைக் கூட அனுப்பித்தான் கோட்டையைப் பார்க்க விட்டார்கள். வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்துவிட்டு வந்த மனிதர் அவர். 1927இல் மகத்தில் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்துக் காட்டியவர். அவருக்கே சுற்றுலா இப்படித்தான் இருந்தது. ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று தன் அனுபவக் குறிப்புகளுக்கு அவர் பேர் வைத்தது சும்மாவா? சொந்த நாட்டில் ஒரு கோட்டையைப் பார்க்க, ஒரு கிளாஸில் டீ குடிக்க, நமக்கு விசா வேண்டும்.

அது அந்தக் காலம் என்பீர்கள். இந்தக் காலத்தையும் சொல்கிறேன். ‘பொன்னியின் செல்வன்’ முதல் படம் வந்தது 2022 செப்டம்பர் 30. மூன்று மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 26, இதே புதுக்கோட்டை மாவட்டம், முத்துக்காடு ஊராட்சி, வேங்கைவயல். தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கிடந்தது. குழந்தைகள் நோயில் விழுந்த பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். விசாரிக்க வந்த மாவட்ட ஆட்சியர் முன்னாலேயே இரட்டைக் குவளை வெளிப்பட்டது. இறையூர் அய்யனார் கோயிலுக்குள் தலித்துகள் போகமுடியாத கதையும் வெளிப்பட்டது. ஆட்சியர் கூட்டிக்கொண்டு உள்ளே போகவேண்டியிருந்தது.

வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. உயர்நீதிமன்றம் ஒருநபர் ஆணையம் போட்டது. ரத்த மாதிரி, மரபணுப் பரிசோதனை எல்லாம் நடந்தன. அதே 2023இல்தான் இதே மாவட்டத்தில் பொற்பனைக்கோட்டையில் தொன்மைத் தமிழரின் பெருமையைத் தேடி அரசு அகழாய்வுக் குழி தோண்டியது. கடைசியில் 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது. குற்றவாளிகள் என்று காட்டப்பட்டவர்கள் அதே வேங்கைவயல் தலித்துகள் மூன்று பேர்! குடித்தவனே கலந்தான் என்கிறது காவல்துறை. அந்த மக்களும் இயக்கங்களும் அதை ஏற்கவில்லை. நானும் ஏற்கவில்லை.

கொடும்பாளூர் வாசலில் தொல்லியல் துறைப் பலகை நிற்கிறது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். 1958ஆம் ஆண்டுச் சட்டம், 2010இல் திருத்தி இன்னும் கடுமையாக்கியிருக்கிறார்கள். கல்லுக்குச் சேதம் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். சுற்றி 100 மீட்டருக்குள் எதுவும் கட்டக்கூடாது. அதைத் தாண்டி 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. நல்ல சட்டம், இருக்கட்டும். ஆயிரம் வருசத்துக் கல்லைச் சுற்றி நூறு மீட்டருக்குப் பாதுகாப்பு இருக்கிறது. உயிரோடு இருக்கிற மனுசன் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி எத்தனை மீட்டருக்கு இருந்தது?

“அப்ப இந்தக் கோயிலையெல்லாம் இடிச்சிரலாமா?” என்று கேட்பார்கள். கேட்டார்கள். இடிக்கச் சொல்லவில்லை ஐயா. ‘இதை எங்கள் தாத்தன்தான் கட்டினான், இது எங்கள் பெருமை’ என்று மார் தட்டவும் எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கட்டுகிற அரச கனவுக்குப் பதிலாக நாம் ஒரு அரச கனவு கட்டி என்ன ஆகப்போகிறது? நான் சொல்வது இவ்வளவுதான்: அந்தக் கல்லை முழுசாகப் படியுங்கள். சுவரில் எழுதியிருப்பதைப் படிக்கிறபோது எழுதாமல் விட்டதையும் சேர்த்துப் படியுங்கள். பதினோரு கிராமம் என்றால் பதினோரு சேரி எங்கே என்று கேளுங்கள். வழிகாட்டி வானதியைப் பற்றிச் சொன்னால், அவளுக்கு நாற்று நட்டவளின் பெயரைக் கேளுங்கள். அவர் திணறட்டும். அந்தத் திணறலில் இருந்துதான் நம் வரலாறு தொடங்கும்.

சிலப்பதிகாரத்தில் கொடும்பாளூர் வருகிறது. மதுரைக்குப் போகிற கோவலனுக்கும் கண்ணகிக்கும் மாங்காட்டு மறையோன் ஒருவன் வழி சொல்கிறான். கொடும்பையில் சாலை சிவன் சூலம் மாதிரி மூன்றாகப் பிரியும் என்று ஒவ்வொன்றிலும் என்னென்ன புண்ணியத் தலம், என்னென்ன அதிசயம் என்று அடுக்குகிறான். அன்றைக்கே வழிகாட்டி மறையோன்தான். இன்றைக்கும் அதே மூன்று வழியைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்: கோயில், அரசன், அதிசயம்.

நாம் நாலாவது வழி ஒன்று போடுவோம். மாணவர் தோழர்கள் விடுமுறையில் கிளம்புங்கள். காலையில் கொடும்பாளூர். கல்வெட்டு தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைப் படியுங்கள். பிறகு வேங்கைவயல். அந்த மக்களிடம் நேரில் கேளுங்கள், பத்திரிகையில் வந்ததை நம்பாதீர்கள். அங்கிருந்து மதுரைச் சாலையைப் பிடித்துத் தெற்கே மேலூர் போங்கள். பக்கத்தில் மேலவளவு. 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனையும் தோழர்களையும் பேருந்தை மறித்து வெட்டிச் சாய்த்த மண். தலைவர் நாற்காலியில் ஒரு பறையர் உட்கார்ந்ததுதான் குற்றம். அவர்களின் நினைவிடத்தில் நின்றுவிட்டு வாருங்கள். எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் அது இல்லை.

திரும்பி வரும்போது அந்த அப்பத்தாவிடம் ஒருத்தன், “போய்ட்டு வர்றோம் அப்பத்தா, அடுத்த தடவை உங்க ஊருக்கு வர்றோம்” என்றான். “வாங்கய்யா, கல்லு எங்கயும் போயிறாது, நான்தான் இருக்கணும்” என்றார்.

நான் போகப்போகிறேன். நீங்களும் வாருங்கள். போகிற வழியில் அந்த டீக்கடையிலும் நிற்போம். இந்த முறை கிளாஸ் கேட்டு வாங்குவோம்.